யார் பெயரில் வருகிறது அந்தக் காசு? ஊவாத் தோட்டப் பெண்களும் அறவணிகச் சான்றிதழும்

ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று மலைச்சரிவில் இறங்கி வீசும்போது ஊவாக் கொழுந்து சற்றே வாடி, வேறெங்கும் கிடைக்காத ஒரு மணத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பருவத்துத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பு. ஹாலிஎல, தெமோதரை, பசறை, அப்புத்தளை என்று பதுளை மாவட்டத்து மலைகளில் பறிக்கப்படும் அந்தக் கொழுந்து ஐரோப்பியக் கடைத் தட்டுக்குப் போய்ச் சேரும்போது, பல பெட்டிகளில் ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸின் பச்சைத் தவளை முத்திரையோ ஃபெயார்ட்ரேட் முத்திரையோ இருக்கிறது. வாங்குகிறவருக்கு அந்த முத்திரை ஓர் உறுதி: இந்தத் தேயிலையை உண்டாக்கியவர்கள் நியாயமாக நடத்தப்பட்டிருக்கிறார்கள் என்று.

கொழுந்தெடுத்த பெண்ணுக்கும் கவ்வாத்து வெட்டிய, மருந்தடித்த ஆணுக்கும் அந்த முத்திரை உண்மையில் என்ன செய்திருக்கிறது? உலகம் முழுவதும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் இதைக் கேட்டு வருகிறார்கள். விடைகள் ஒன்றோடொன்று முரண்படுவது போலத் தோன்றும். அவற்றை ஊவாவின் நிலைமையோடு வைத்துப் படிக்கும்போது எனக்கு ஒரு பொது இழை தெரிகிறது. காசும் அதைச் செலவிடும் முடிவும் பெண்ணின் சொந்தப் பெயரில் வரும் இடங்களில் சான்றிதழ் அவள் வாழ்வைத் தொடுகிறது. தோட்டத்தின் பெயரில், சங்கத்தின் பெயரில், குடும்பத் தலைவனின் பெயரில் வரும் இடங்களில் பலன் அங்கேயே தங்கிவிடுகிறது.

முதலில் இந்தச் சான்றிதழ்கள் எவை என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஃபெயார்ட்ரேட், விற்கும் தேயிலைக்கு ஒரு குறைந்தபட்ச விலையையும், அதற்கு மேல் தொழிலாளர் சமூகத்துக்கென ஒரு பிரிமியத் தொகையையும் கேட்கிறது. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் பெரும்பாலும் நடைமுறைகளைப் பார்க்கிறது: காடு, நீர், இரசாயனம், தொழிலாளர் பாதுகாப்பு. 2007இல் யூனிலீவர் தன் லிப்டன் தேயிலைப் பைகளுக்கான தேயிலை முழுவதையும் 2015க்குள் இந்தச் சான்றிதழ் பெற்ற தோட்டங்களிலிருந்தே வாங்கப்போவதாக அறிவித்த பிறகு, சான்றிதழ் இல்லாமல் பெரிய சந்தைக்குள் நுழைவது கடினம் என்ற நிலை பல நாடுகளில் உருவானது. மூன்றாவது, இயற்கை வேளாண்மைச் சான்றிதழ். அதற்கு ஊவாவிலேயே பழைய வரலாறு உண்டு; அப்புத்தளைக்கு அருகே இதல்கஸ்ஹின்ன தோட்டம் 1980களின் பிற்பகுதியிலேயே இரசாயனமில்லாத் தேயிலைக்கு மாறியது.

இனி சம்பளம். தொழிலாளரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் அந்த ஒரே எண்ணை இந்தச் சான்றிதழ்களில் எதுவும் தீர்மானிப்பதில்லை. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. அது தொழிற்சங்கப் போராட்டத்தின் விளைவு, எந்த முத்திரையும் கொடுத்ததல்ல. பிறகு முதலாளிமார் சம்மேளனத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் சம்பளத்தை நிர்ணயித்தது. 2021இல் அந்த ஏற்பாடு முறிந்தது. அந்த ஆண்டு சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியே சம்பளத்தைச் சொல்லும் நிலை வந்தது. ஆகவே சான்றிதழ் பெற்ற தோட்டத்து லயத்தில் வாழும் பெண்ணுக்கும், ஓடையைத் தாண்டிச் சான்றிதழ் இல்லாத தோட்டத்தில் வாழும் அவளுடைய நாத்தனாருக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான்.

மிச்சமிருப்பது பிரிமியம். கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அதன் அளவு புரியும். ஃபெயார்ட்ரேட் பிரிமியம் ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் அரை டாலர். ஒரு பெண் நாளொன்றுக்கு 20 கிலோ பச்சைக் கொழுந்து எடுத்தால் அதிலிருந்து நாலு கிலோவுக்குச் சற்று அதிகமாகத் தூள் கிடைக்கும். அத்தனையும் ஃபெயார்ட்ரேட் நிபந்தனையில் விற்றால், அவள் ஒருநாள் உழைப்பு இரண்டு டாலருக்கு மேல் பிரிமியமாகத் திரும்பி வர வேண்டும். டாலர் 300 ரூபாய் என்று வைத்தால் 600 ரூபாய்க்கு மேல்; 2024இன் நாட்சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி. சிறிய தொகையே அல்ல. ஆனால் சான்றிதழ் பெற்ற தோட்டங்கள் உலக அளவில் தம் தேயிலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ஃபெயார்ட்ரேட் நிபந்தனையில் விற்க முடிகிறது. மீதி சாதாரணத் தேயிலையாக ஏலத்துக்குப் போகிறது. 600 ரூபாய் அறுபதாகச் சுருங்குகிறது. அந்த அறுபதும் அவள் கைக்கு வருவதில்லை. தோட்டம் முழுவதுக்குமான நிதியில் சேர்கிறது. அதைத் தொழிற்சாலை ஊழியர், கவ்வாத்துக்காரர், மருந்தடிப்பவர் எல்லோரும் பங்கு போட வேண்டும்.

அந்த நிதியை யார் செலவிடுகிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. தொடக்கத்தில் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்த ஒரு கூட்டுக்குழு அதை நடத்தியது. பெரிய துரை உட்கார்ந்திருக்கும் மேசையில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண் எழுந்து, ‘எங்களுக்கு இது வேண்டாம், அது வேண்டும்’ என்று சொல்வது எத்தனை எளிது என்று தோட்டத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2014இல் திருத்தப்பட்ட விதிகள், முடிவைத் தொழிலாளரே தேர்ந்தெடுத்த குழுவிடம் ஒப்படைத்தன. பிரிமியத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை எல்லோருக்கும் சமமாகக் காசாகப் பகிரவும் வழிவிட்டன. இந்தத் திருத்தத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். சமமாகப் பகிரும் காசு கங்காணிக்கும் கொழுந்துக்காரிக்கும் ஒரே தொகை. அது அவளுடைய கணக்கில் விழும்.

பொதுநிதியாகச் செலவாகும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. சாரா பெஸ்கி டார்ஜிலிங் தோட்டங்களைப் பற்றி எழுதிய நூலில் இதைக் கூர்மையாகச் சொல்கிறார். 1951ஆம் ஆண்டின் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு, மருத்துவம், பிள்ளைப் பராமரிப்பு எல்லாம் முதலாளியின் கடமையாக இருந்தன. அறவணிகப் பணம் வந்த பிறகு, சட்டப்படி கேட்டு வாங்க வேண்டிய உரிமைகள் எங்கோ இருக்கும் நல்ல மனிதர்களின் உதவியாக மாறிப்போயின. சங்கத்தின் குரலும் தாழ்ந்தது. இலங்கை மலையகத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நூறாண்டுக்கு மேல் பழைய லயக் கூரையை மாற்றுவது யாருடைய பொறுப்பு? அது பிரிமியத்திலிருந்து மாற்றப்பட்டால், அந்தத் தகரத்துக்கான காசைத் தொழிலாளரே தம் உழைப்பிலிருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றே நான் கணக்கிடுவேன். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று லயங்களை மண் மூடியதற்குப் பிறகு, பாதுகாப்பான இடத்தில் வீடு என்பது எந்த நலநிதியும் ஏற்றுச் சமாளிக்கக்கூடிய காரியமல்ல என்று ஊவாவில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு அளவுகோலும் தேவை: நேரம். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்களத்துக்கு ஓடி, மலையேறி, நாளில் இரண்டு மூன்று முறை மடுவத்தில் கொழுந்து நிறுத்து, மாலையில் இறங்கி, விறகும் தண்ணீரும் பார்த்து, சமைத்து ஓய்கிறாள் பெண். கவ்வாத்து, முள்ளுக்குத்து, மருந்தடி போன்ற ஆண்களின் வேலைகள் பெரும்பாலும் அளவுவேலை; பலர் மதியத்தோடு கலைந்துவிடுவார்கள். ‘ஒரு பேர்’, அதாவது ஒருநாள் வேலைக்கு, இருவருக்கும் ஒரே சம்பளம்தான், ஆனால் அந்தப் பேருக்கான மணிநேரம் ஒன்றல்ல. 16, 18, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் அளவை எட்டாவிட்டால் அவளுக்கு அரைப்பேர். சான்றிதழ் இந்த இடைவெளியைக் குறைப்பதில்லை. சில சமயம் கூட்டவும் செய்கிறது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் இயற்கை வேளாண்மையும் நியாய வர்த்தகமும் சேர்ந்த காப்பிக் கூட்டுறவுகளை 2010இல் ஆராய்ந்த சாரா லயன் குழுவினர் இரண்டையும் ஒருசேரக் கண்டார்கள்: பெண்கள் தம் பெயரிலேயே பதிவுபெற்ற விவசாயிகளாக அதிகரித்தார்கள், கூடவே கூட்டங்களும் பதிவேடுகளும் கூடுதல் களையெடுப்பும் அவர்கள் நாளை இன்னும் நெருக்கின. ஆகவே பிரிமியக் குழு ஒரு காஸ் அடுப்பையோ, தண்ணீர்க் குழாயையோ, நல்ல பிள்ளைக் காம்பராவையோ தேர்ந்தால் அது பெண்ணுக்கு மணிநேரங்களைத் திருப்பிக் கொடுக்கும். மண்டபம் கட்டினால் கொடுக்காது. இந்தத் தேர்வில் குழுவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்பதைவிட, எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது முக்கியம்.

ஆண்களுக்கு நேர்ந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சான்றிதழின் ஆகத் தெளிவான பலன் மருந்தடிப்பவரின் உடலில் தெரிகிறது. தடைசெய்யப்பட்ட இரசாயனங்களின் பட்டியல், கையுறை, முகமூடி, பூட்ஸ், மருந்து கலந்த பின் குளிக்கத் தனி இடம், கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் மருந்திலிருந்து விலக்கி வைத்தல் ஆகியவற்றைத் தணிக்கையாளர் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியும், அதனாலேயே நடக்கின்றன. வெறுங்காலோடும் வெறுங்கையோடும் மருந்தடித்த ஒரு தலைமுறையின் இருமலைக் கேட்டு வளர்ந்த ஊர்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் அரசின் முடிவுகள் சான்றிதழைவிட வேகமாகவும் தடுமாற்றத்தோடும் வந்தன. களைக்கொல்லியான கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை நீங்கியது. 2021இல் இரசாயன உரம் முழுவதையும் ஒரே இரவில் நிறுத்தி, சில மாதங்களில் பின்வாங்கினார்கள். இதல்கஸ்ஹின்ன போன்ற தோட்டம் பல ஆண்டுகள் எடுத்துப் படிப்படியாகச் செய்த மாற்றத்தை நாடு முழுவதற்கும் ஆணையாக்கியபோது கொழுந்து குறைந்தது. கொழுந்து குறைந்தால் முதலில் அடிபடுவது நிறையை நம்பியிருக்கும் பெண்ணின் பேர்தான்.

மருந்தடியைத் தாண்டினால் சான்றிதழ் எவ்வளவு பலவீனமானது என்பதற்குச் சான்றுகள் குவிந்திருக்கின்றன. 2015இல் பிபிசி அசாமில் ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரை பெற்ற தோட்டங்களின் இடிந்த வீடுகளையும் நிரம்பி வழியும் கழிப்பிடங்களையும் காட்டியது. 2018இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் ஜெனவீவ் லெபாரன், அசாம், கேரளத் தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து, சான்றிதழ் பெற்றவற்றுக்கும் பெறாதவற்றுக்கும் உழைப்புச் சுரண்டலில் பெரிய வித்தியாசம் இல்லை என்றார். தணிக்கை நாட்களில் மட்டும் நடைமுறை மாறி, பிறகு பழையபடி திரும்புவதைத் தொழிலாளர் அவரிடம் சொன்னார்கள். 2023 பெப்ரவரியில் கென்யாவின் கெரிச்சோவில், உலகப் பெருங்கம்பனிகள் நடத்திய தேயிலைப் பண்ணைகளில், எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் மேற்பார்வையாளர்களின் பாலியல் வன்கொடுமையைப் பற்றிப் பிபிசியிடம் பேசினார்கள். அதே ஆண்டு கார்டியன் நாளேடு சான்றிதழ் பெற்ற இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளர் ஒருவேளைச் சாப்பாட்டைத் தவிர்ப்பதையும் பல குடும்பங்கள் ஒரே கழிப்பிடத்தைப் பகிர்வதையும் எழுதியது.

இவற்றை வைத்துச் சான்றிதழே மோசடி என்று முடிவு கட்டுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பெண் தன் குறையைச் சொல்லும் சூழல் இல்லாமல் தணிக்கை நடக்கிறது என்பதே இவற்றின் சாரம். வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தோட்டத்து ஊழியர் ஒருவரே மொழிபெயர்ப்பார். கேள்வி கேட்கப்படும் பெண்ணைக் காட்டுபவர் கணக்கப்பிள்ளை. தராசுக்குச் சான்று முத்திரை இருக்கிறதா என்று தாளில் குறித்துக்கொள்வார்கள். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் ஒவ்வொரு நிறுவையிலும் கழிக்கும் கிலோவை அந்தத் தாள் காட்டாது. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் தன் 2020 விதிகளில் பாலினச் சமத்துவத்துக்கென ஒரு பொறுப்பாளரையோ குழுவையோ கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல விதி. அந்தக் குழுவில் இருப்பவள் இரவு லயத்துக்குத் திரும்பி, அதே கங்காணியின் மலையில் மறுநாள் நிரை பிடிக்க வேண்டியவள் என்பதை விதி எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

தோட்டக் கூலி உழைப்பை விட்டுச் சிறு விவசாயிகளிடம் போனால் படம் மாறுகிறது. உகாண்டாவின் சான்றிதழ் பெற்ற காப்பி விவசாயக் குடும்பங்களைப் பிரையன் சிபுட்வாவும் மத்தின் கெய்மும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவுகள், சான்றிதழ் பெற்ற குடும்பங்களில் காப்பி வருமானத்தின் மேல் பெண்களின் பிடி கூடியதையும் குடும்பத்தின் உணவு மேம்பட்டதையும் காட்டின. பாலினப் பயிற்சியும் பெண்களைக் கூட்டத்துக்கு அழைக்கும் விதியும் அதற்குக் காரணமாக இருந்தன. டார்ஜிலிங்கில் தேபராதி சென் இதே வேறுபாட்டை ஒரே மலைத்தொடரில் கண்டார்: தோட்டத்துப் பெண்களுக்கு நியாய வர்த்தகம் நிர்வாகத்தின் இன்னொரு ஏற்பாடு, சிறுவிவசாயிப் பெண்களோ அதே சொற்களை எடுத்துக் கூட்டுறவின் ஆண் தலைவர்களையும் இடைத்தரகர்களையும் கேள்வி கேட்டார்கள். சொந்த நிலமும் சொந்த விளைச்சலும் இருந்த இடத்தில் பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது.

சிறுவிவசாயத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. லண்டன் சோயாஸ் கல்லூரியின் ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் நான்காண்டு திரட்டிய தரவுகளை 2014இல் வெளியிட்டபோது அறவணிக உலகம் அதிர்ந்தது. சிறுவிவசாயிகளின் நிலங்களில் கூலிக்குப் போகும் மிக ஏழைகள், அவர்களில் ஏராளமான பெண்கள், ஃபெயார்ட்ரேட் பகுதிகளில் மற்ற இடங்களைவிடக் குறைந்த கூலியே பெற்றார்கள். ஃபெயார்ட்ரேட் இயக்கம் ஆய்வின் ஒப்பீட்டு முறையை மறுத்தது. ஆனால் அடிப்படைக் கேள்வி நிற்கிறது. இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்று சிறு தோட்டங்களிலிருந்தே வருகிறது. ஊவாவில் கிராமத்துச் சிறுதோட்டங்களில் கொழுந்தெடுக்கப் போகிறவர்களில் அருகிலுள்ள தோட்ட லயங்களின் தமிழ்ப் பெண்களும் உண்டு, கைக்காசுக்கு. அந்தச் சிறுதோட்டம் சான்றிதழ் பெற்றாலும் அவள் அதன் கணக்கில் வரமாட்டாள். அந்த நிலத்தைச் சொந்தமாகக் கொண்ட சிங்களக் குடும்பத்துப் பெண்ணின் நிலையும் நீண்டகாலம் இப்படித்தான் இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அரச காணிகளில் வாரிசுரிமை ஆண்களுக்கு முதலில் என்ற ஒழுங்கு 2022இன் திருத்தம் வரை நீடித்தது. சிறுவிவசாயி என்று பதிவேட்டில் எழுதப்பட்டவர் பெரும்பாலும் ஆணாக இருந்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.

நிகரகுவாவில் நடந்த ஒன்றை மலையகத்தில் அதிகம் பேச வேண்டும். அச்சுவாப்பாவின் ஹுவான் ஃபிரான்சிஸ்கோ பாஸ் சில்வா கூட்டுறவு 2008இல், தி பாடி ஷாப்புக்கு விற்கும் எள் எண்ணெயின் விலையைக் கணக்கிடும்போது, வயலுக்குப் போகும் ஆணுக்குச் சமைத்து, தண்ணீர் சுமந்து, பிள்ளை பார்க்கும் பெண்ணின் கூலியில்லா உழைப்பையும் ஒரு செலவாகச் சேர்த்தது. வாங்குபவர் அதற்கு விலை கொடுத்தார். அந்தக் காசு பெண்களின் பொது நிதிக்குப் போனது. அவர்கள் அதிலிருந்து கடனும் சேமிப்பும் தொடங்கினார்கள். தேயிலை விலையில் லயத்து அடுப்படி உழைப்பை இப்படி ஒரு வரியாகச் சேர்க்கலாம் என்று இங்கே எந்தச் சான்றிதழும் இதுவரை சொல்லவில்லை.

தொழிற்சங்கத்தை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. மலையகச் சங்கங்களில் சந்தா கட்டுபவர்களில் பெரும்பகுதி பெண்கள், தலைவர்கள் ஆண்கள். தொழிற்சங்க முன்னோடி நடேசய்யரோடு அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாடிப் பேசிய காலத்துக்குப் பிறகு பல தலைமுறைகள் கழித்துத்தான், செங்கொடிச் சங்கத்தில் மேனகா கந்தசாமி பொதுச்செயலாளராக வந்தார். கேரளத்து மூணாறில் 2015 செப்டம்பரில் என்ன நடந்தது என்பது இங்கே நினைக்கத் தக்கது. அங்கே தொழிலாளரே பங்குதாரராக இருந்த கண்ணன் தேவன் கம்பனியில், போனஸைப் பாதியாகக் குறைத்தபோது, ஆண் தலைவர்களை ஒதுக்கிவிட்டு ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற அந்த எழுச்சி ஒன்பது நாளில் 20 வீதத் தொகையை வாங்கிக் காட்டியது. பங்குப் பத்திரம் கொடுக்காத குரலை அவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். சான்றிதழ் விதிகளில் சங்கம் சேரும் உரிமை முதல் வரிசையில் இருக்கிறது. அந்தச் சங்கத்துக்குள் பெண்ணின் இடத்தைப் பற்றி அவை சொல்வது மிகக் குறைவு.

இப்போது மலையகத்தில் எழும் மாற்றம் இந்தக் கேள்வியைப் புதிதாகத் திறக்கிறது. நாட்சம்பளம் கட்டுபடியாகவில்லை என்று சொல்லும் பெருந்தோட்டக் கம்பனிகள் பல, குடும்பத்துக்கு இத்தனை செடி என்று தேயிலையைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை விலைக்கு வாங்கும் வருமானப் பகிர்வு முறையை முன்வைக்கின்றன. நேரம் நம் கையில் இருக்கும், கங்காணியின் அதட்டல் இருக்காது என்று பலர் அதை வரவேற்கிறார்கள். அந்த ஆசையில் நியாயம் உண்டு. ஆனால் பெண் இன்று செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் தன் பெயரில் இருக்கிறாள். தன் பெயரில் நாட்சம்பளம், தன் பெயரில் ஊழியர் சேமலாப நிதி, தன் பெயரில் பிரசவச் சகாயம், ஃபெயார்ட்ரேட் தோட்டமாக இருந்தால் பிரிமியக் குழுவில் தன் பெயரில் ஒரு வாக்கு. முன்பு கணவன்மார் போய் மனைவியின் சம்பளத்தை வாங்கி வந்த வழக்கத்தை உடைத்துப் பெற்ற பெயர் அது. செடிகளைக் குடும்பத் தலைவனின் பெயரில் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தால், அதே பெண், அதே மலையில், அதே கொழுந்தை எடுத்துக்கொண்டே, கூலியில்லாக் குடும்ப உழைப்பாகிவிடுவாள். சான்றிதழ் நிறுவனங்களுக்கும் அது வசதியாக இருக்கும். கூலித் தொழிலாளர் விதிகள் போய், எளிய சிறுவிவசாயி விதிகள் வரும்.

ஆகவே ஊவாவில் இனி வரும் ஒவ்வொரு தணிக்கையும் வருமானப் பகிர்வு ஒப்பந்தங்களை முதலில் கேட்க வேண்டும். கணவன், மனைவி இருவரின் கையொப்பமும் இருக்கிறதா, கொழுந்துக் காசு எந்தக் கணக்கில் விழுகிறது, சேமலாப நிதி தொடர்கிறதா, கணவன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாலோ இறந்துவிட்டாலோ செடி யாருடையது என்று கேட்டு, பெண்கள் பெயரில் உள்ள ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைத் தோட்டம் தோட்டமாக வெளியிட வேண்டும். அந்த எண்ணிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கொழுந்து மடுவத்துச் சுவரிலேயே ஒட்ட வேண்டும்.